முத்திரையில் வந்த தாடிச் சுவாமி

எங்கள் வீட்டு முன்னறையில் குடும்பப் படங்கள் போட்ட பெரிய சட்டம் ஒன்று தொங்குகிறது. மாமா, மாமி, எங்கள் கலியாணப் படம், மகன் கோயிலில் முதல் நன்மை எடுத்தபோது பிடித்த படம் என்று எல்லோரும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, கண்ணாடிக்கு உள்ளே, ஒரு பிரான்சு நாட்டு முத்திரையும் இருக்கிறது. மண்ணிறத்தில் அச்சடித்த முத்திரை. அதில் நெஞ்சு வரைக்கும் தாடி வளர்த்த ஒரு கிழவர். வீட்டுக்கு வருகிறவர்கள், "இது ஆர், உங்கட சொந்தமோ?" என்று கேட்பார்கள். நான் ஓம் என்றுதான் சொல்வேன். விளக்கப் போனால் தேத்தண்ணி ஆறிவிடும்.

அவர் உலகம் அறிந்த ஒரு நாவலாசிரியர். அவர் நினைவாக அவருடைய நாடு வெளியிட்ட முத்திரை அது. பெயரை இங்கே எழுத மாட்டேன். அவர் பெயரில் பாதி என் மகனுக்கு இருக்கிறது. எழுதினால் எங்கள் ஊர் பேசாலையில் எல்லாருக்கும் ஆளைத் தெரிந்துவிடும், மகன் என்னோடு ஒரு மாதம் கதைக்க மாட்டான்.

நான் உயிலங்குளத்தில் பிறந்தவள். வயலும் குளமும் பார்த்து வளர்ந்தவள். கலியாணம் கட்டி, தீவிலிருக்கிற பேசாலைக்கு வந்தபோது கடலும் புதிது, கருவாட்டு மணமும் புதிது, மச்சாளும் புதிது. மூன்றிலும் பழகுவதற்குக் கடினமாக இருந்தவர் மச்சாள்தான். என் கணவரின் அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர், அதிலே தன் கலியாணத்தை மறந்துபோனவர். கோயில் பீடத்துத் துணிகளைத் தோய்த்து மடிப்பதும், பெரிய வெள்ளிக்கு இயேசுவின் பாடுகளைப் பாடுகிற பசாம் பாட்டுக்குத் தலைமை தாங்குவதும் அவர்தான். புது உபதேசியார்கூட அவரைக் கேட்காமல் மணி அடிக்கமாட்டார். வீட்டிலே அவர் செபமாலையைக் கையில் எடுத்தால் கோழிகூடச் சத்தம் போடாது.

நான் ஆசிரியை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். எனக்குக் கதைப்புத்தகம் என்றால் உயிர். மச்சாளுக்கு அது ஆகவே ஆகாது. "நடவாததை நடந்தது எண்டு எழுதுறது பொய். பொய்யை இருந்து வாசிக்கிறது அதைவிடப் பெரிய பொய்" என்பார். என்னோடு படிப்பித்த எருக்கலம்பிட்டி முஸ்லிம் மாஸ்டர் ஒருவர் நல்ல நாவல்கள் வைத்திருந்தார். அவருடைய ஆட்கள் வியாபாரத்துக்காக இந்தியாவுக்குப் போய் வருகிறவர்கள்; சீலைப் பொதிகளுக்கிடையில் அவருக்குப் புத்தகமும் வரும். அவரிடம் இரவல் வாங்கிய புத்தகத்தை நான் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து வாசித்தேன். இருபத்தைந்து வயதில் இப்படி ஒளித்து வாசிக்க வேண்டி வந்ததே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

எரிச்சலுக்கு அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. எனக்கு முதல் கிடைத்தது பெண் பிள்ளை. இறந்து பிறந்தது. நான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் மச்சாள் நின்றார், பிள்ளை இல்லை. அவரும் என் கணவரும் கொண்டுபோய் அடக்கி விட்டிருந்தார்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மணி அடிக்க மாட்டார்கள், பூசை இல்லை, கோயில் கல்லறைகள் இருக்கிற சேமக்காலைக்கு உள்ளேயும் இடமில்லை. செத்த வீடு என்று ஒருவரும் வரவில்லை. "முகம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "அதைப் பற்றிக் கதையாதை. கதைச்சால் அடுத்தது தங்காது" என்று மச்சாள் சொல்லிவிட்டார். கணவரைக் கேட்டால் அவர் எழும்பிக் கடற்கரைக்குப் போய்விடுவார். பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்றுகூட எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. மச்சாள் சுட்டுத் தந்த மீனைச் சாப்பிட்டேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்ததும் வயிற்றில் வந்தது. டொக்டர், அசையக்கூடாது, கட்டிலிலேயே கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இதுவும் போனால் இனி இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

முத்திரை வந்தது அந்த நாட்களில்தான். எங்கள் பங்கில் குருவாக நெடுங்காலம் இருந்த பிரெஞ்சுச் சுவாமி ஒருவர் முதுமையால் தன் நாட்டுக்குத் திரும்பியிருந்தார். பீடத்துணி தோய்த்துத் தந்த மச்சாளை மறக்காமல் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். தமிழிலேதான் எழுதியிருந்தார், என் கையெழுத்தைவிட அழகான எழுத்தில். மச்சாள் கடிதத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கடித உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"எடி பிள்ளை, இவரைப் பார்."

பார்த்தேன். தாடிக்காரரின் முன்னால் விரித்த புத்தகம். கையில் இறகுப் பேனை. தபால் கந்தோரில் குத்திய வட்டச் சீல், அளந்து வைத்தது போலத் தலைக்குப் பின்னால் விழுந்திருந்தது. கோயில் சுவரில் சுவிசேஷம் எழுதுகிறவர்கள் இருக்கிற கோலம் அச்சொட்டாக அதுதான். தாடி, புத்தகம், இறகு, ஒளிவட்டம்.

"கீழே என்ன பேர் கிடக்குது?" என்று கேட்டார்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். பின்பாதி எனக்கு விளங்கவில்லை. முன்பாதி எங்கள் ஊரிலே பலருக்கு இருக்கிற ஒரு புனிதரின் பெயர். போதாதா? சுவாமியார் அனுப்பிய கடிதம், புனிதரின் பெயர், தலையைச் சுற்றி வட்டம். தபால் கந்தோர்ச் சீல் என்று எனக்குத் தெரியும்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கும் அவர் புனிதர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படி ஒரு இரக்கமான பார்வை.

மச்சாள் முத்திரையை நீராவியில் பிடித்துக் கழற்றி, நாங்கள் முன்னால் நின்று செபம் சொல்லுகிற சுரூபப் பெட்டியில் திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒட்டினார். தாடிச் சுவாமி என்று அவருக்குப் பெயரும் வைத்தார். அன்றைக்குச் செபமாலை முடிந்ததும் நான் கட்டிலில் கிடந்து கேட்க, சத்தமாகவே நேர்த்தி வைத்தார். பிள்ளை உயிரோடு கிடைத்தால் அவர் பெயரை வைப்பது, அவருக்கு ஒன்பது நாள் செபம் சொல்லி ஒரு நவநாள் நடத்துவது.

"மடு மாதாவை விட்டுப்போட்டு ஏன் இவர்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாதாவிட்டப் போனமுறை கேட்டனான். அந்தோனியாரிட்டயும் கேட்டனான். அவைக்கு உலகம் முழுக்க வேலை. இவர் புதுசு. இந்தப் பக்கத்திலே ஆரும் இவரிட்ட ஒண்டும் கேட்டிருக்க மாட்டினம். ஆறுதலாய் இருந்து எங்கட பிள்ளையைப் பார்ப்பார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. அந்தக் கட்டிலில் கிடந்த மாதங்களில் நானும் அந்தத் தாடியைப் பார்த்தபடிதான் கிடந்தேன். மச்சாள் என்னைக் கை கால் அசைய விடவில்லை. முகம் கழுவிவிட்டார், தலை சீவிவிட்டார், கஞ்சி பருக்கினார். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த நாவலை மட்டும் கண்டுபிடித்து மாஸ்டரிடம் திருப்பி அனுப்பிவிட்டு, புனிதர்களின் சரித்திரத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார்.

பிள்ளை பிறந்தான். பிறந்த உடனே வார்டு அதிரக் கத்தினான். மச்சாள் வெளி விறாந்தையில் முழங்காலில் நின்றபடி அந்தச் சத்தத்தைக் கேட்டாராம். "கத்தட்டும், நல்லாய்க் கத்தட்டும்" என்று ஆஸ்பத்திரி வேலையாள் ஓடலியிடம் சொன்னாராம்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கப் புதுப் பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்தார். இளம் ஆள், நிறையப் படித்தவர். பிள்ளையை ஆசீர்வதித்துவிட்டுச் சுரூபப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். குனிந்து பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மச்சாளின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"அக்கா, இவரை ஏன் இதிலே வைச்சிருக்கிறீங்கள்?"

மச்சாள் சொன்னார். நேர்த்தியையும் சொன்னார். சுவாமியார் கதிரையில் இருந்துகொண்டு மெதுவாகத்தான் விளக்கினார்.

"இவர் புனிதர் இல்லை அக்கா. இவர் நாவல் எழுதினவர். கதைக்காரர். உண்மையைச் சொன்னால், இவற்ற புத்தகங்களை வாசிக்கக்கூடாது எண்டு திருச்சபை ஒரு காலம் விலக்கியும் வைச்சிருந்தது."

"என்ன கதை எழுதினவர்? வேதசாட்சியளின்ர கதையோ?"

"இல்லை. சும்மா மனுசற்ற கதை. ஏழையள், தொழிலாளியள், கடலுக்குப் போறவை."

"அதுக்கோ முத்திரை அடிச்சவை?"

"ஓம், அதுக்குத்தான்."

எங்கள் முத்திரைகளில் நான் முதலில் மகாராணியைப் பார்த்தேன், பிறகு தேயிலைக் கொழுந்தையும் பறவைகளையும் பார்த்தேன். ஒரு தேசம், கதை சொன்ன கிழவர் ஒருவரின் முகத்தை அச்சடித்து, எச்சில் தொட்டு ஒட்டி, உலகம் முழுக்க அனுப்புகிறது. கதை வாசிப்பது களவு வேலை என்று நினைத்து அரிசிப் பானைக்குப் பின்னால் குந்தியிருந்தவளுக்கு அதைக் கேட்கும்போது எப்படி இருக்கும்? மச்சாளைப் பார்த்து, 'இப்ப சொல்லுங்கோ பார்ப்பம்' என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

சுவாமியார் அவரைத் தேற்றினார். தெரியாமல் வைத்த நேர்த்தி செல்லாது, கடவுள்தான் பிள்ளையைத் தந்தார், பெயரும் பிரச்சினை இல்லை, அதே பெயரில் உண்மையான புனிதர் இருக்கிறார், அவர் பெயராக எழுதிக்கொள்ளலாம் என்றார்.

மச்சாள் எல்லாவற்றையும் கேட்டார். "கடவுள் தந்தவர்தான் சுவாமி, அதிலே எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் கேட்டது இவரிட்ட. இந்த முகத்தைப் பார்த்து. பிள்ளை கையிலே வந்தாப்பிறகு, நீர் கதைக்காரராம், உமக்கு ஒண்டும் செய்யமாட்டன் எண்டு சொல்லுறதோ? அது என்ன பழக்கம்?"

"கதைக்காரருக்கு நவநாள் செபம் இல்லையே, அக்கா."

மச்சாள் எழும்பி முத்திரையைச் சுரூபப் பெட்டியிலிருந்து கழற்றினார். கோயில் ஒழுங்கை அவர் மீறமாட்டார். ஆனால் எறியவும் மனமில்லை. தன் செபப் புத்தகத்துக்குள் வைத்தார், பிறகு அதுவும் சரியில்லை என்று சீனிப் போத்தலில் சாத்தி வைத்தார். இரண்டு மூன்று நாள் மீனை வெட்டுவார், முத்திரையைப் பார்ப்பார், திரும்ப வெட்டுவார்.

ஞானஸ்நானம் முடிந்த மறுநாள் என் கணவரைக் கூப்பிட்டார். "எருக்கலம்பிட்டிக்குப் போய் மாஸ்டரைக் கேள். இந்த மனுசன் எழுதின புத்தகம் தமிழிலே இருக்கோ எண்டு. புனிதருக்குச் செபம் சொல்லுறது. கதைக்காரருக்குக் கதையைத்தான் சொல்ல வேணும்."

நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எழும்பி அந்த மனுசியைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. கோபம் பாதி இருந்ததால் எழும்பவில்லை.

மாஸ்டர் தானே சைக்கிளில் வந்தார். மண்ணிறத் தாளில் சுற்றிய தடித்த புத்தகம். மீன்பிடிக்கிற ஊர் ஒன்றைப் பற்றிய நாவல். அதைக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "நானும் வந்து இருந்து கேக்கலாமா?" என்றார்.

"கதைக்கு வேதம் இருக்கோ மாஸ்டர்? வாங்கோ" என்றார் மச்சாள்.

அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. ஆனாலும் மச்சாள் பனங்கட்டியும் அவித்த கடலையும் தேத்தண்ணியுமாக நவநாளை ஒரு குறையுமில்லாமல் நடத்தினார். முற்றத்தில் பாய் விரித்து, வாங்குப் பலகையில் முத்திரையை ஒரு தட்டிலே வைத்து, பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தினார். மாலையில் செபமாலை முடிந்ததும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "வாசி" என்பார். நான் வாசித்தேன். எந்த வீட்டில் ஒளித்து வாசித்தேனோ அந்த வீட்டு முற்றத்தில், அயலெல்லாம் கேட்க வாசித்தேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

முதல் நாள் ஆட்கள் நவநாள் என்றுதான் வந்தார்கள். அதிகாரம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்கள். ஆம்பிளைகள் பின்னால் நின்று வலையைப் பற்றி வந்த இடத்தில் குறை பிடித்தார்கள். "வலை பனியிலே விறைச்சுப் பலகை மாதிரி நிக்குமாம், என்ன கதையிது!" என்று ஒருவர் நக்கலடித்தார். புயல் வந்த அதிகாரத்துக்குப் பிறகு அதே ஆள் எழும்பி, "இல்லை, இவன் கடலுக்குப் போனவன்தான். கரையிலே இருந்து இப்படி எழுதேலாது" என்று தீர்ப்புச் சொன்னார். என் கணவர் அந்த ஒன்பது நாளில் ஒரு நாளும் பிந்தி வரவில்லை, அதிகாரம் தொடங்கமுன்னர் தோணியை இழுத்துவிட்டு ஓடி வருவார். எங்கேயோ பனி கொட்டுகிற நாட்டில் இருந்த ஒருவர், பேசாலைக் கடற்கரையில் ஒரு முற்றம் நிறைய ஆட்களைக் கடலைக் கொட்டை கடிக்க மறந்து இருக்க வைத்தார் என்றால், அவரைப் புனிதர் என்று மச்சாள் நினைத்ததில் பெரிய பிழை ஒன்றும் இல்லை என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

கடைசி நாள் மாஸ்டர் வீட்டிலிருந்து தொதல் இனிப்புக் கொண்டுவந்தார். முற்றத்தில் இடமில்லை. கடைசி அதிகாரத்தில், கடலில் திசைமாறிப் போன மீனவன் நெடுநாளுக்குப் பிறகு வீடு திரும்புகிறான். அவன் இல்லாத காலத்தில் அவனுடைய மகன் காய்ச்சலில் செத்துப் போயிருக்கிறான். அடக்கமும் முடிந்துவிட்டது. அவன் மனைவியிடம், பிள்ளையின் முகம் கடைசியாக எப்படி இருந்தது என்று கேட்கிறான்.

அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. எழுத்துத் தெரிகிறது, வாய் வரவில்லை. முற்றம் முழுக்க என்னையே பார்த்தது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் புத்தகத்தை மூடப் போனேன்.

"மூடாதை" என்றார் மச்சாள். என் மடியிலிருந்த மகனைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "வாசி. இந்தப் பிள்ளைக்காக அவரிட்டக் கேட்டனாங்கள். அவற்ற பிள்ளைக்கு நாங்கள் அழாமல் ஆர் அழுறது?"

வாசித்தேன். எப்படி வாசித்து முடித்தேன் என்று தெரியாது. முடித்தபோது ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அந்த அமைதியில் மச்சாள் ஒப்பாரி எடுத்தார். கதையில் செத்த பிள்ளைக்குத்தான் எடுத்தார். பெரிய வெள்ளிக்குப் பாடுகிற அந்தக் கணீரென்ற குரல். ஒரு பெண் சேர்ந்தாள், பிறகு எல்லாப் பெண்களும் சேர்ந்தார்கள். மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

கதையில் செத்தது ஆண் பிள்ளை. மச்சாள், "மகளே, என்ர மகளே, மணிச்சத்தம் கேளாமல் போன மகளே" என்று அழுதுகொண்டிருந்தார்.

முற்றத்தில் ஒருவரும் அவரைத் திருத்தவில்லை. அவர்களும் மகளே என்றுதான் அழுதார்கள். செத்த வீட்டுக்கு வராமல் விட்ட அயல் முழுவதும், அன்றைக்கு என் பிள்ளையின் செத்த வீட்டுக்கு வந்திருந்தது. நான் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கத்தி அழுதேன். என்னை அடக்க ஒருவரும் வரவில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் மச்சாள், "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா" என்று முன்னால் நடந்தார். சேமக்காலை மதிலுக்கு வெளியே, கடல் பக்கமாக, ஒரு பனைக்குக் கீழே போய் நின்றார். அந்த இடம் மட்டும் கூட்டித் துப்புரவாக இருந்தது. சுற்றிவரச் சின்னச் சங்குகள் பதித்திருந்தன, சில பழையவை, சில புதியவை. ஓய்வாக இருக்கிற வேளையெல்லாம் அவர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எங்கே போனார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்தைய நாள் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரியை அவர் மணலில் குத்திக் கொளுத்தினார்.

நான் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டேன். முகம் எப்படி இருந்தது?

மச்சாள் மணலில் இருந்தார். என்னையும் இருக்கச் சொன்னார். கதை என்றாலே பொய் என்ற மனுசி, அந்த நாளை முதலிலிருந்து எனக்குச் சொன்னார்.

"உன்ர மூக்கு. தலை நிறைய மயிர். நித்திரை கொள்ளுற மாதிரித்தான் கிடந்தவள். நான்தான் முகம் கழுவினனான். உயிர் இருக்கோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியேல்லை. பொறுக்கேலாமல் தலையிலே தண்ணியை ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துப்போட்டன். சுவாமியாருக்கும் சொல்லேல்லை, தம்பிக்கும் சொல்லேல்லை. செல்லாது எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு பயம்."

"பேர்?" என்றேன். "பேர் வைக்காமல் குடுக்கேலாதே. என்ன பேர் வைச்சனீங்கள்?"

மச்சாள் காற்றில் அணையப் போன மெழுகுதிரியைக் கையால் மறைத்தார்.

"புனிதருகள் ஒருத்தற்ற பேரும் அந்த நேரம் என்ர வாயிலே வரேல்லையடி. உன்ர பேரைத்தான் வைச்சனான்."